மலை மேல் ஒரு கிளிஞ்சல்

காயல்பட்டினத்திலிருந்தோ கீழக்கரையிலிருந்தோ நீங்கள் குடும்பத்துடன் உதகைக்குப் புறப்படும்போது, பிள்ளைகளின் சட்டைப் பையில் நான்கைந்து கிளிஞ்சல்களும் மலையேறிவிடும். அவற்றுள் ஒன்று குன்னூர்த் தேயிலைச் செடியடியில் விழுந்து கிடந்தால், பின்னாளில் அதைக் காண்பவர், "ஒரு காலத்தில் இங்கே கடல் இருந்தது" எனக் கதை கட்டுவார். நம்பிவிடாதீர்கள்.

நீலகிரிப் பாறை பெரும்பாலும் சார்னோக்கைட் என்னும் கடுங்கல். பூமியின் ஆழத்தில் வெந்து இறுகிய அதன் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். ஓடுடைய உயிர்கள் தோன்றி 55 கோடி ஆண்டுகள்தாம் ஆகின்றன. 1850களில் இம்மலையை ஆராய்ந்த நிலவியலார் ஹென்றி பிளான்ஃபோர்டு, அரியலூர்ப் பகுதியையும் ஆராய்ந்தார். கடல் மட்டிகள் கல்லாகிக் கிடப்பது அங்கேதான். அவற்றை விவரித்து ஸ்டோலிச்கா என்பார் 1871இல் பெருநூலே வெளியிட்டார்.

ஆகவே மலையில் கிடைத்த ஓட்டை முதலில் புரட்டிப் பாருங்கள். சுருண்ட ஒற்றை ஓடாயின் அது நத்தை. நீலகிரியின் ஈரக் காடுகளில் செந்நிற உடலுடைய அழகிய நத்தையே உண்டு. இரட்டை ஓட்டின் ஒரு பாதியாயின் அது மட்டி. உட்புறம் முத்துப்போல் மின்னி, மேல்முனை அரிக்கப்பட்டிருந்தால் பவானி போன்ற அடிவார ஆற்று மட்டியாகலாம்.

கடல் மட்டிகளை இனம் காண நிறத்தை நம்பாதீர்கள். ஒரே இனத்தில் பத்து நிறம் இருக்கும், வெயிலில் அதுவும் வெளுக்கும். இரு ஓடுகளும் இணையும் கீலைப் பாருங்கள். நேர்க்கோட்டில் சீப்புப் பற்கள்போல் வரிசையிட்டு, வெளியே தடித்த வரிகள் ஓடினால் அது இரத்த மட்டியின் குடும்பம். வழுவழுப்பான முக்கோண ஓட்டில் சில பற்களே இருந்தால் கழிமுக மட்டி. ஆப்பு வடிவில் விரல்நுனி அளவே இருந்து, உள்விளிம்பு அரம்போல் உறுத்தினால் அலைவாய் மணலில் புதைந்து வாழும் சிறுமட்டி. உள்ளே மங்கலாக ஒரு கோடு தெரியும். அது ஓரிடத்தில் உள்வாங்கி வளைந்திருந்தால், மணலுக்குள்ளிருந்து நீர் உறிஞ்சும் குழல் அவ்வுயிருக்கு இருந்தது என்று பொருள். வளைவு ஆழமாயின் குழலும் நீளம். மேல்முனையருகே வட்டத்துளை இருந்தால் உம்மாவின் மாலைக்கென எவரும் இட்டதன்று. வேட்டை நத்தை துளைத்துத் தின்ற தடயம்.

ஆயினும், எக்கரையில் எடுத்தது என்பதை எந்த ஓடும் தானே சொல்லாது. மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் ஏறுமுன், ஊரையும் தேதியையும் ஒரு துண்டுத்தாளில் எழுதி ஓட்டுடன் மடித்து வையுங்கள்.