மிதித்தவன் பெயர்

இங்கிலாந்தின் எக்ஸிட்டர் நகரத்து ஃபோர் தெரு ஆற்றைப் பார்த்துச் சரிந்து இறங்குகிறது. சரிவின் நடுவில், இரண்டு பக்கமும் கடைகள் நெருக்க, ஒடுங்கி நிற்கிறது ஒரு பழைய கல் கட்டடம். டக்கர்ஸ் ஹால். 1471-இல் இந்த ஊர்த் துணித்தொழிலாளர்கள் எழுப்பிய சிற்றாலயம். பிற்பாடு அவர்களுடைய சங்கக் கூடம். இன்றும் அதே சங்கத்தின் கையில்தான் இருக்கிறது.

வாசலில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஒன்பது பத்து வயதுக்காரர்கள். பெய்யலாமா வேண்டாமா என்று வானம் யோசித்துக்கொண்டிருக்கிறது. எதிர்ச்சாரியில் பூட்டிய கடை ஒன்றின் படி காலியாக இருந்தது, உட்கார்ந்துகொண்டேன்.

செம்பட்டைத் தலைப் பையன் ஒருவன் பெயர்ப்பலகையைக் காட்டிக் குதித்தான். "இது எங்க வீடு! உள்ளே போகணும்னா என்னைக் கேட்கணும்!" அவன் குடும்பப் பெயர் டக்கர் என்பது தெருவுக்கே தெரிந்துபோயிற்று. சென்னைக்காரன் காதில் அந்தப் பெயரே பாராட்டாகத்தான் விழும்.

வழிகாட்டி வயதானவர். தோளில் துணிப்பை. "டக்கர் என்ன வேலை செய்தான், யாருக்குத் தெரியும்?" என்றார்.

"சாப்பாடு!" என்றாள் ஒரு சிறுமி. பள்ளிக்கூடத்தில் தின்பண்டம் விற்கும் இடத்தை அவர்கள் டக் ஷாப் என்பார்கள். அதை வைத்துச் சொல்லிவிட்டாள். அவள் கையிலேயே ஒரு சிப்ஸ் பாக்கெட் பாதி காலியாக இருந்தது.

பெரியவர் சிரிக்கவில்லை. பையிலிருந்து இரண்டு கம்பளித் துண்டுகளை எடுத்தார். ஒன்றை வானத்துக்கு நேரே பிடித்தார். சல்லடை மாதிரி வெளிச்சம் ஒழுகியது. இழைக்கு இழை இடைவெளி. மற்றதைப் பிடித்தார். ஒரு புள்ளி வெளிச்சம் வரவில்லை. பிள்ளைகள் இரண்டையும் தடவிப் பார்த்தார்கள். முதல் துண்டைத் தொட்ட கைகள் சட்டையில் துடைத்துக்கொண்டன, ஆட்டின் பிசுக்கு.

"தறியிலிருந்து இறங்கும்போது இப்படித்தான் இருக்கும். தொட்டியில் போட்டு, தண்ணீர் விட்டு, வெறுங்காலால் மணிக்கணக்கில் மிதிக்கணும். மிதிக்க மிதிக்கத் துணி சுருங்கும், நூல் ஒன்றோடொன்று பின்னிக்கும், காற்றுக்கூடப் புகாது. அந்த மிதிகாரன்தான் டக்கர். பிசுக்குப் போக ஒரு களிமண் போடுவான்." நம் வீட்டில் முகத்துக்குப் பூசும் முல்தானி மட்டியின் இனத்தைத்தான் சொல்கிறார். "அதோட இன்னொண்ணும் ஊற்றுவான். மூத்திரம். நாள்பட்டது. வீடு வீடாப் போய் வாங்கிட்டு வருவாங்க."

தெரு முழுக்க "அய்யே!" கேட்டது. புளித்த சிறுநீரில் இருக்கும் அம்மோனியா கொழுப்பைக் கரைக்கும் என்று அவர் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. எல்லாக் கண்ணும் செம்பட்டைத் தலை மேல். சிப்ஸ் சிறுமி மூக்கைப் பிடித்துக்கொண்டு இரண்டடி நகர்ந்து நின்றாள். வீட்டுக்காரன் காது மடல் வரை சிவந்துபோய், பெயர்ப்பலகையை விட்டுத் தள்ளி வந்தான்.

பெரியவர் அதைக் கவனித்திருக்க வேண்டும். "இங்கே மட்டும்தான் டக்கர்," என்றார். தன் நெஞ்சைத் தொட்டு, இது டெவன், சாமர்செட், கார்ன்வால் என்றார். கையைக் கிழக்கே நீட்டி, கென்ட், சசெக்ஸ் பக்கம் அதே ஆள் ஃபுல்லர் என்றார். தலைக்கு மேலே கையை உயர்த்தி, யார்க்‌ஷயரும் ஸ்காட்லாந்தும் என்றார். அங்கே அவன் வாக்கர். "மூணு பேரும் நின்னது ஒரே தொட்டியில்தான். உங்க வகுப்பில் வாக்கர் யாராவது உண்டா?"

ஆசிரியை உட்பட எல்லோரும் சிப்ஸ் சிறுமியைப் பார்த்தார்கள். அவள் மூக்கிலிருந்து கையை எடுத்துவிட்டாள். செம்பட்டைத் தலை மெல்ல நகர்ந்து வந்து அவள் பக்கத்தில் நின்றுகொண்டான். அவள் கையில் இருந்த பாக்கெட்டிலும் வாக்கர்ஸ் என்றே அச்சடித்திருந்தது. அதை ஒருவரும் பார்க்கவில்லை.

அந்த வாக்கர் லெஸ்டர் நகரத்து இறைச்சிக் கடைக்காரர். போருக்குப் பிறகும் இறைச்சிக்கு ரேஷன் நீடித்துக் கடை காற்றாட, 1948-இல் அவர் பெயரிலிருந்த நிறுவனம் உருளைக்கிழங்கைச் சீவி வறுக்கத் தொடங்கியது. துணிக்கும் அவருக்கும் ஒட்டுமில்லை. லண்டன் சிஸ்விக்கில் 1845-இல் ஃபுல்லர், ஸ்மித், டர்னர் என்ற மூவர் கூட்டுச் சேர்ந்தார்கள். துணி மிதிப்பவன், கொல்லன், கடைசல்காரன் என்று அர்த்தம். மூன்று பேரும் சேர்ந்து காய்ச்சியதோ பீர். கில்மார்னக்கில் 1820-இல் மளிகைக்கடை வைத்த ஜான் வாக்கரின் பெயர் விஸ்கிப் புட்டியில் ஏறியது. 1908-இல் டாம் பிரௌன் என்ற ஓவியர் அதற்குத் தொப்பியும் கைத்தடியுமாக எட்டி நடை போடும் ஒருவனை வரைந்து கொடுத்தார். உண்மையான வாக்கர் அப்படி எங்கேயும் நடந்து போனவன் இல்லை. நாள் முழுக்க நடந்தும் தொட்டியைத் தாண்டாதவன்.

அவனுடைய கால்களுக்கும் ஓய்வு வந்தது. 1185-இல் டெம்ப்ளர் வீரத்துறவிகள் எடுத்த சொத்துக் கணக்கிலேயே துணி மிதிக்கும் ஆலைகள் வந்துவிடுகின்றன. ஆற்று நீர் சக்கரத்தைச் சுற்ற, சக்கரம் மரச் சம்மட்டிகளைத் தூக்கிப் போட்டது. ஊருக்கு ஏழெட்டு ஜான் இருந்த காலம் அது. எந்த ஜான் என்று குறிக்க வரிக் கணக்கர்களுக்கு ஓர் அடையாளம் தேவைப்பட்டது. 13, 14-ஆம் நூற்றாண்டுகளில் அந்த அடையாளங்கள் அப்பனிடமிருந்து மகனுக்கு இறங்கின. ஆக, மிதிப்பதைச் சம்மட்டி எடுத்துக்கொண்ட நாட்களில்தான் மிதித்தவன் பெயர் குடும்பத்தில் நிலைத்தது. சிறுநீர் மட்டும் போகவில்லை. 1698-இல் குதிரையேறி இவ்வூருக்கு வந்த சீலியா ஃபீன்ஸ், துணியை முதலில் அதில் ஊறப்போட்டுத்தான் ஆலைக்கு அனுப்புகிறார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்.

தொட்டி நாறினாலும் பெயர் பெருகியது. இங்கிலாந்தில் அதிகம் புழங்கும் முதல் இருபது குடும்பப் பெயர்களில் வாக்கர் ஒன்று. அமெரிக்காவில் 2010 கணக்கெடுப்பின்படி 5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். ஃபுல்லரும் டக்கரும் அதற்குக் கிட்டேகூட வர முடியாது. அந்த அமெரிக்க வாக்கர்களில் கணிசமானவர்கள் கறுப்பினத்தவர். எழுத்தாளர் ஆலிஸ் வாக்கர் அவர்களில் ஒருவர். அவருடைய முன்னோரில் ஒரு பெண் அடிமையாக, இடுப்பில் இரண்டு பிள்ளைகளோடு வர்ஜீனியாவிலிருந்து ஜார்ஜியாவின் ஈட்டன்டன் வரை நடந்தே வந்தவள். அந்த நடையின் நினைவாகவே இந்தப் பெயரை வைத்துக்கொண்டிருப்பதாக ஆலிஸ் எழுதியிருக்கிறார். துணித் தொட்டியில் பிறந்த பெயருக்கு அந்தக் குடும்பம் தன் சொந்த அர்த்தத்தைக் கொடுத்துவிட்டது.

பிள்ளைகள் வரிசை கட்டிக் கீழே இறங்கத் தயாரானார்கள். ஆற்றோரத்தில் கிரிக்கில்பிட் ஆலை, பழைய நீர்ச்சக்கரத்தோடு இன்னும் இருக்கிறது. ஆசிரியை பெயர் கூப்பிட்டார். பேக்கர், கூப்பர், பட்டேல், டெய்லர், டக்கர், வாக்கர். ரொட்டி சுடாத, பீப்பாய் செய்யாத, ஊர்த்தலைமை பார்க்காத பிள்ளைகள் "யெஸ் மிஸ்" சொன்னார்கள்.

செம்பட்டைத் தலை மட்டும் வரிசையை விட்டுப் பெரியவரிடம் வந்தான். "அந்த வேலை பிடிக்கலைன்னா அவங்க பேரை மாத்திக்கலாமா?"

"எதுக்கு மாத்தணும்? வேலையை மாத்திக்கிட்டாங்க. உங்க அப்பா என்ன செய்யறார்?"

"பஸ் ஓட்டறார்."

"அவ்வளவுதான்," என்றார் பெரியவர்.

மாற்கு சுவிசேஷத்தில், மலையுச்சியில் இயேசுவின் உடை வெளுத்து ஒளிர்ந்ததைச் சொல்லும் இடத்தில், பூமியில் எந்த ஃபுல்லராலும் அப்படி வெளுக்க முடியாது என்கிறது ஆங்கிலத்தின் பழைய பைபிள். தமிழ் பைபிள் அந்த இடத்தில் வண்ணானைச் சொல்கிறது. ஃபுல்லரின் பிள்ளைகள் பீர் காய்ச்சினார்கள், பெயரைக் கம்பெனிப் பலகையில் எழுதிக்கொண்டார்கள். பெயரைக் கேட்டு அவர்களை யாரும் திண்ணையிலிருந்து இறக்கிவிடவில்லை. வேலையை விட்டு மூன்று தலைமுறை ஆனாலும், படித்துப் பட்டம் வாங்கி வந்தாலும், அந்த ஒரு சொல்லால் ஆளைப் பழைய துறைக்கே திருப்பி அனுப்பும் ஊர்களை நான் அறிவேன்.