பாரா விடுகிற பாடு

திருநகர், மதுரை

அன்புள்ள சரசு,

கொரியரில் நீ அனுப்பிய முறுக்கு நொறுங்காமல் வந்தது. உன் மாமனாரின் நினைவுக்குறிப்பு ஃபைல்தான் நொறுங்கிப்போய் வந்திருக்கிறது. ஹார்விபட்டி மில் குடியிருப்புக்கு வந்த கதையையெல்லாம் மனுஷர் என்ன அழகாகச் சொல்லியிருக்கிறார்! நீ டைப் அடித்த லட்சணத்தில் ஒரு பாரா உள்ளே ஒளிகிறது, அடுத்தது வெளியே எட்டிப் பார்க்கிறது.

சந்தேகப்பட்டு கன்ட்ரோல், ஷிஃப்ட், எட்டு மூன்றையும் சேர்த்து அமுக்கினேன். உன் வண்டவாளம் தண்டவாளம் ஏறிவிட்டது. ஸ்பேஸ் தட்டிய இடமெல்லாம் புள்ளி, டேப் அடித்த இடமெல்லாம் அம்புக்குறி. ஒரு பாராவுக்கு ஐந்து புள்ளி, அடுத்ததற்கு ஏழு. ஸ்டிரைக் கதை வருகிற இடத்தில் ஓர் அம்பும் மூன்று புள்ளியும். கோபத்தில் தட்டினாயாடி?

உன்னைச் சொல்லிக் குற்றமில்லை. டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் நம் கையைப் பழக்கியது அப்படி. “மார்ஜின் பத்து டிகிரி, பாரா பதினஞ்சு டிகிரி” என்று சார் ஸ்கேலால் மேஜையைத் தட்டுவாரே. அந்த மெஷினில் ஒல்லி எழுத்தோ குண்டு எழுத்தோ, ஒரு தட்டுக்கு வண்டி ஒரே அளவுதான் நகரும். புள்ளிக்கும் மேல்விலங்குக்கும் நகரவே நகராது. அங்கே ஐந்து தட்டு என்றால் எப்போதும் ஒரே இடைவெளி. கம்ப்யூட்டரில் எழுத்துக்கு எழுத்து அகலம் வேறு. போதாக்குறைக்கு நீ இரண்டு ஓரமும் ஒட்ட வேண்டும் என்று ஜஸ்டிஃபை வேறு போட்டிருக்கிறாய். நம் சொற்களோ நீளம். ‘பேசிக்கொண்டிருந்தவர்களிடமிருந்து’ என்று ஒன்று வந்து இடம் போதாமல் அடுத்த வரிக்கு இறங்கினால், மேல் வரியில் மிஞ்சிய நாலு சொல்லும் கை கோத்துக்கொண்டு ஓரம் வரை இழுபடும். நீ முன்னால் தட்டிய ஸ்பேஸும் சேர்ந்து இழுபடும். பாராவுக்குப் பாரா இடைவெளி மாறுவது அதனால்தான்.

இனி ஸ்பேஸ் பாரை இதற்குத் தொடாதே. வியூவில் போய் ரூலரை வரவழை. இடது ஓரத்தில் மேலே ஒரு முக்கோணம், கீழே ஒரு முக்கோணம், அதற்கடியில் குட்டிக் கட்டம் இருக்கும். மேல் முக்கோணத்தை நகர்த்தினால் பாராவின் முதல் வரி மட்டும் உள்ளே போகும். கீழ் முக்கோணம் மற்ற வரிகளுக்கு. கட்டத்தைப் பிடித்து இழுத்தால் மொத்தப் பாராவும் கூடவே வரும். மவுஸில் கை நடுங்குகிறது என்றால் பாராகிராஃப் பெட்டியைத் திறந்து ‘ஃபர்ஸ்ட் லைன்’ என்பதைத் தேர்ந்தெடு. அதுவே அரை அங்குலம், அதாவது 1.27 சென்டிமீட்டர் என்று போட்டு வைத்திருக்கும். தமிழ்ப் புத்தகத்துக்கு அவ்வளவு வேண்டாம் என்பது என் கட்சி, பாதி போதும். ஆனால் உள்ளேயும் தள்ளி, பாராக்களுக்கு நடுவில் வெற்று வரியும் விடுகிறார்களே, அது எனக்கு ஆகவே ஆகாது. இரண்டில் ஒன்று போதும்.

இதைவிடப் பெரிய கூத்து போன மாதம் நடந்தது. ஒரு பெண் தீசிஸைத் தூக்கிக்கொண்டு அழுகிற முகத்தோடு வந்தாள். டவுனில் ஏதோ ஒரு கடையில் வானவில் எழுத்துருவில் அடித்திருக்கிறார்கள். கைடு யூனிகோடில் கேட்டிருக்கிறார். அரசாங்கமே 2010-இல் யூனிகோடுக்கு வந்துவிட்டதே, அவர் கேட்பதும் நியாயம்தான். மாற்றியதும் துணைநூற்பட்டியல் சிதறிப் போய்விட்டது. ஆசிரியர் பெயர் வெளியே நிற்க வேண்டும், அடுத்த வரி உள்ளே தள்ளி வர வேண்டும் இல்லையா? அதற்குக் கடைக்காரர் ஒவ்வொரு வரி முடிவிலும் எண்டர் தட்டி, அடுத்த வரிக்கு ஸ்பேஸாகத் தட்டித் தள்ளியிருக்கிறார். எழுத்தின் அகலம் மாறியதும் வரி நடுவிலேயே முறிந்து, பதிப்பக முகவரி அந்தரத்தில் தொங்குகிறது. “அக்கா, இது என் தப்பாக்கா?” என்றாள். உட்கார வைத்து டீ கொடுத்துவிட்டு, எண்டரையெல்லாம் எடுத்தேன். பட்டியல் முழுவதையும் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல் டி (T) அமுக்கினேன். எல்லாம் ஒரே மூச்சில் வரிசையில் நின்றது. அவள் டீயைக்கூடக் குடித்து முடிக்கவில்லை.

அப்போது பக்கத்தில் நம் ஐந்தாவது ஸ்டாப் தமிழையா புரூஃப் திருத்திக்கொண்டிருந்தார். அந்தக் காலத்து அச்சகத்தில் அவர் வளைய வந்தவர். “அப்ப பாரா விடணும்னா குவாட்னு ஒரு ஈயத்துண்ட வைப்பான்மா. எழுத்தவிடக் குள்ளமா இருக்கும், மை ஒட்டாது” என்றார். காலி இடத்துக்கும் கையில் பிடிக்க ஒரு பொருள் இருந்திருக்கிறது, பார்! அதற்கும் முந்தி ஏட்டில் பாராவும் கிடையாது, புள்ளியும் கிடையாது. கயிறு கோக்கிற துளையைச் சுற்றித்தான் கொஞ்சம் இடம் விட்டு எழுதுவார்களாம். பத்திரம் எழுதுகிறவர்கள் இன்றைக்கும் இடம் விடப் பயப்படுகிறார்கள். விட்ட இடத்தில் எவனாவது இரண்டு சென்ட் சேர்த்து எழுதிவிட்டால்?

இன்னொன்று. மதுரைத் திட்டம் என்று இணையத்தில் பழைய நூல்களைத் தட்டச்சு செய்து வைத்திருக்கிறார்களே, 1998 பொங்கலன்று தொடங்கியது. பேர்தான் மதுரை, ஆரம்பித்த கல்யாணசுந்தரம் இருந்தது சுவிட்சர்லாந்தில். அவர்களே மயிலை எழுத்துருவில் தொடங்கி, டிஸ்கிக்கு மாறி, அப்புறம் யூனிகோடுக்கு வந்தவர்கள். உன் மாமனார் புத்தகமும் பேரன் காலத்தில் இன்னொரு எழுத்துருவுக்கு மாறத்தான் போகிறது. ஸ்பேஸ் தட்டி வைத்தால் அன்றைக்கு அவன் உன்னைத்தான் திட்டுவான்.

புள்ளி, அம்பு எல்லாவற்றையும் பெருக்கித் தள்ளிவிட்டு ஒரு ஸ்டைல் போட்டு அனுப்பியிருக்கிறேன். அதிலேயே மேற்கொண்டு அடி. ஸ்டிரைக் அத்தியாயத்தை மட்டும் நான் தொடவில்லை. மூன்று பக்கத்துக்கு ஒரே பாரா, மாமனார் மூச்சே விடவில்லை. எங்கே பிரிப்பதென்று நீயோ நானோ முடிவு செய்ய முடியாது. சாயங்காலக் காபி குடித்த தெம்பில் அவரையே சத்தமாகப் படிக்கச் சொல். நிறுத்துகிற இடத்தில் எண்டர் தட்டு. ஒரே ஒரு எண்டர், சரியா?

உன்
கோமதி