உள்பக்கத் தேய்மானம்

சென்னை, மந்தைவெளி. ஞாயிறு காலை ஏழு மணி. எங்கள் குடியிருப்பின் மாடிப்படி வளைவில் நின்றால் கீழே கார் நிறுத்துமிடம் முழுக்கத் தெரியும். வெள்ளை ஸ்விஃப்டின் பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் செங்கல் முட்டுக் கொடுத்திருக்கிறது. முன்சக்கரத்தின் எதிரே மணை போட்டு உட்கார்ந்திருக்கிறாள் ஒரு பெண். முப்பது வயதிருக்கும். பக்கத்தில் நாற்காலியில் அவள் அப்பா. பாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முழங்கால் மடங்காது என்பதால் டார்ச் மட்டும் அவர் கையில்.

வண்டி தரையில் நிற்கும்போதே நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டாள். அப்புறம்தான் ஜாக்கி. கழற்றிய சக்கரத்தைப் படுக்க வைத்துக் கதவுக்குக் கீழே வண்டியின் அடியில் தள்ளினாள். ஜாக்கி சரிந்தால் வண்டி அதன்மேல் உட்காரும். அவர் சொல்லிச் செய்யவில்லை. டார்ச்சைக் கை மாற்றிக்கொண்டு லேசாகத் தலையாட்டினார்.

காலிப்பரின் இரண்டு போல்ட்டும் கழன்று வந்தன. அதை பிரேக் ஹோஸில் தொங்க விடக் கூடாது. ஹோஸுக்குள் சேதமானால் வெளியே தெரியாது. கட்டுக்கம்பியால் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் இழுத்துக் கட்டினாள். பேட்டுகளை உருவிச் செய்தித்தாளில் அடுத்தடுத்து வைத்தாள்.

எட்ட நின்ற எனக்கே வித்தியாசம் தெரிந்தது. வெளிப்பக்கத்து பேட்டில் பாதிச் சரக்கு இருக்கிறது. உள்பக்கத்துப் பேட்டில் இரும்புத் தகட்டின்மேல் மெல்லிய பூச்சுபோல ஏதோ மிச்சம். புதிதாக இருக்கும்போது ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் இருக்கும். 3 மில்லிமீட்டருக்கு வந்தால் மாற்றிவிட வேண்டும். சக்கரத்தின் இடுக்கு வழியே எட்டிப் பார்த்து "இன்னும் ஓடும்" என்று சொல்கிறவர் கண்ணில் படுவது வெளிப்பக்கம்தான்.

"ஏம்ப்பா இப்படி?"

"பின்னை இழுத்துப் பாரும்மா."

வரவில்லை. இந்த மாதிரி காலிப்பரில் பிஸ்டன் உள்பக்கம் மட்டும்தான். அது உள் பேட்டை டிஸ்க்கில் அழுத்தும்போது, காலிப்பர் இரண்டு பின்கள்மேல் வழுக்கி வந்து வெளி பேட்டையும் இழுத்துப் பிடிக்க வேண்டும். பின் இறுகிவிட்டால் சுமை உள் பேட்டின்மேல் விழுகிறது. காலை எடுத்த பிறகும் அது டிஸ்க்கை உரசிக்கொண்டே ஓடும். பட்டினப்பாக்கத்துக் கடல் இங்கிருந்து நடந்து போகும் தூரம். அந்த உப்புக்காற்று போதாதென்று 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையில் இதே இடத்தில் பாதிச் சக்கரம் முழுகத் தண்ணீர் நின்றது.

"பலமா இழுக்காத. திருப்பித் திருப்பி எடு."

பழுப்புப் பொடியோடு பின் வந்தது. உப்புத்தாளால் தேய்த்தாள், துடைத்தாள், விரலால் தடவிப் பார்த்து மறுபடியும் தேய்த்தாள். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சிறிய டியூபை எடுத்து நீட்டினார். ரப்பருக்கு ஆகிவரும் கிரீஸ். பேரிங்குக்குப் போடுவதைப் போட்டால் பின்னின் ரப்பர் உறை உப்பி, மறுபடியும் இறுகும். அவசர வேலையில் புது பேட்டைச் செருகிவிட்டு எழுந்துவிடுவார்கள். அடுத்த பேட்டும் அதே மாதிரி தேயும். அந்தப் பெண் ஒரு பின்னுக்குக் கால் மணி நேரம் கொடுத்தாள். எனக்கு அதுதான் அன்றைய வேலையின் உயிர் என்று பட்டது.

பிஸ்டனைப் பின்னால் தள்ளுவதற்கு முன் பானெட்டைத் திறந்து, பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைத் திருகி எடுக்கச் சொன்னார். பிஸ்டன் உள்ளே போகப் போக அங்கே ஆயில் ஏறும். சிந்தினால் பெயிண்ட்டைத் தின்றுவிடும். ஒரு கையில் ஈரத்துணியோடு அவர் அங்கே காவல் நின்றார். அவள் சி கிளாம்ப்பைக் கால் கால் சுற்றாகத் திருகினாள்.

ஜி.பி. ரோட்டில் வாங்கிய புது பேட்டின் முகத்தில் கட்டைவிரலை ஓட்டி, பெட்டியின் முத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார் பெரியவர். பாடியில் 1962-ல் பிரேக்ஸ் இந்தியா வந்தது, 1974-ல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ். வண்டியை நிறுத்தும் சாமான் செய்தே பிழைத்த குடும்பங்கள் இந்த ஊரில் ஏராளம். பாண்டி பஜாரிலும் உஸ்மான் சாலையிலும் நிமிடத்துக்கு நாலு தரம் பிரேக்கை மிதிக்கும் நாம்தான் அந்தச் சாமானைக் கண்ணால் பார்த்ததில்லை.

வலப்பக்கம் சீக்கிரம் முடிந்தது. அங்கே பின்கள் நன்றாகவே இருந்தன. இரண்டு சக்கரங்களையும் மாட்டி, வண்டியை இறக்கி, நட்டுகளை எதிரெதிராக முறுக்கினாள். இன்ஜினை எழுப்பாமல் பெடலை மிதித்தாள். முதல் மிதி தரைவரை போனது. அடுத்ததும் ஏறக்குறைய அப்படியே. மூன்றாவதில் பிடிப்பு வந்தது, நான்காவதில் கெட்டியானது. இதைச் செய்யாமல் வண்டியை எடுத்தால் முதல் திருப்பத்தில் பிரேக் இருக்காது. ஆயில் அளவை இன்னொரு முறை பார்த்து மூடியை இறுக்கினார் அவர்.

செங்கற்களை நகர்த்தியதும் தெருவில் மெதுவாக ஒரு நடை போய் வந்தாள். வாசலில் நின்று காதைக் கொடுத்திருந்தார். உரசல் இல்லை.

"முதல் இருநூறு முந்நூறு கிலோமீட்டர் சடார்னு அழுத்தாதம்மா. பேட் டிஸ்க்கோட பழகணும். பஸ்ஸுக்குப் பின்னாடி ஒட்டிப் போகாத."

"சரிப்பா. தண்ணி ஊத்துங்க, கை கழுவணும்."