நீலம் மாம்பழம்



ஞாயிறு காலை பேத்தி பழ ரப்பர் ஸ்டாம்புகளோடு நம் ரமணாசிரமம் பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தாள். மாம்பழ அச்சின் மேல் வாட்டர் கலர் மஞ்சளை வைத்ததும் ஸ்டாம்ப் பேடின் ஊதா மை கரைந்து, பழம் அழுகினாற்போல் ஆகிவிட்டது. அந்த மை தண்ணீரில் கரையும். கோட்டைத் தொடாமல் உள்ளே மட்டும் வண்ணம் தீட்டி, நன்றாகக் காய்ந்த பிறகு ஓரத்தை மார்க்கரால் வரைய வேண்டும். (அதுவரை காத்திருக்க அவளுக்குப் பொறுமை ஏது!)

எனக்குப் பழைய மூன்றாம் வகுப்பு ஞாபகம் வந்தது. இதே மாம்பழ அச்சு. ஒரு பையன் ஸ்கெட்ச் பென்னால் முழுக்க நீலம் அடித்திருந்தான்.

“எந்த ஊர்லடா மாம்பழம் நீலமா இருக்கு?” என்றேன். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்து, சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டேன்.

“நீலம் மாம்பழம் டீச்சர்... அம்மா விக்கிறாங்க” என்றான், மெதுவாக.

சாயங்காலம் செங்கம் ரோட்டில் அவன் அம்மா கூடையோடு, “நீலம், நீலம்” என்று கூவிக்கொண்டிருந்தார். ஒரு கிலோ வாங்கினேன். பையனிடம் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் எல்லோரையும் போல அவனும் மஞ்சள் அடித்திருந்தான். “குட்” போட்டேன்.

தம்பி, இதைப் படித்தால் ஒரு வரி எழுதுப்பா. அந்தப் பெருக்கல் குறியை இப்போது அடித்துவிடுகிறேன்.