பிழைகளைக் குறித்துவைக்கும் வேலை

பள்ளிக்குப் போனதும் நான் முதலில் கேட்பது பிள்ளையின் பழைய நோட்டுகளைத்தான். "அவன் ஒண்ணுமே எழுத மாட்டான் மேடம், நோட்டைப் பார்த்து என்ன பண்ணப் போறீங்க?" என்பார் வகுப்பு டீச்சர். எழுதாத பிள்ளையின் நோட்டிலும் எனக்குச் செய்தி உண்டு. எந்த எழுத்துக்கு முன்னால் நிறுத்தினான், எதை அழித்து அழித்துத் தாள் கிழிந்தது, கரும்பலகையைப் பார்த்து எழுதியதற்கும் சொல்லக் கேட்டு எழுதியதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பார்ப்பேன். திருவண்ணாமலையில் வட்டார வள மையத்திலிருந்து அரசுப் பள்ளிகளுக்குப் போய்வரும் சிறப்புப் பயிற்றுநர் நான். டிஸ்லெக்சியா, ஆட்டிசம் பற்றி இன்று உலகத்துக்குத் தெரிந்ததெல்லாம் யாரோ ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து குறித்துவைத்ததில் தொடங்கியதுதான். அந்த நம்பிக்கையில்தான் இந்த வேலையைச் செய்கிறேன்.

1896-ல் இங்கிலாந்தின் சீஃபோர்டு ஊர் டாக்டர் பிரிங்கிள் மார்கன், பெர்சி என்ற 14 வயதுப் பையனைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். கணக்கில் கெட்டிக்காரன். படிக்க மட்டும் வரவில்லை. தன் பெயரையே எழுத்து மாற்றி 'பிரெசி' என்று எழுதினான். அது தப்பு என்று அவனுக்குப் புலப்படவும் இல்லை. பாடத்தை வாய்மொழியாகவே நடத்தினால் பள்ளியிலேயே அவன்தான் முதல் என்றாராம் அவனுடைய ஆசிரியர். டாக்டர் அந்தப் பிழையை அப்படியே பதிவு செய்ததால்தான் இன்றும் நாம் அதைப் படித்துப் பாடம் கற்றுக்கொள்கிறோம். ஆட்டிசத்தின் கதையும் இப்படித்தான். 1938-ல் அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலத்துத் தகப்பனார் ஒருவர், தன் மகன் டொனால்டு எப்படி நடந்துகொள்கிறான் என்பதை 33 பக்கம் டைப் செய்து டாக்டர் லியோ கானருக்கு அனுப்பினார். 1943-ல் 11 பிள்ளைகளைப் பற்றிக் கானர் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் முதல் பிள்ளை அந்த டொனால்டுதான்.

ஆனால் இங்கிலீஷ் படிக்கும் பிள்ளை தடுக்கி விழுகிற இடம் வேறு, தமிழ் படிக்கும் பிள்ளை விழுகிற இடம் வேறு. நான்காம் வகுப்பில் ஒரு பையன். அவன் அம்மா கிரிவலப் பாதையில் பூ கட்டி விற்கிறார். 'கோபுரம்' என்ற அட்டையைக் காட்டினேன். இந்த ஊரில் எந்தத் தெருவில் நின்றாலும் கோபுரம் தெரியும். அவனுக்குத் தெரியாத சொல் இல்லை. 'கே...' என்று ஆரம்பித்து, 'கேபுரம்' என்று முடித்து, என் முகத்தைப் பார்த்தான்.

அவன் கண் போகிற வழியைக் கவனித்தால் காரணம் விளங்கும். 'கோ'வில் முதலில் கண்ணில் படுவது இரட்டைக் கொம்பு. ஆனால் சத்தத்தில் அது 'க்' ஒலிக்குப் பிறகுதான் வரும். எழுத்துக்குப் பின்னால் ஒரு கால் வேறு நிற்கிறது; அதையும் கொம்போடு சேர்த்தால்தான் ஓகாரம். கொம்பைப் பார்த்ததுமே அவன் முடிவு செய்துவிடுகிறான், கால் வரும்வரை காத்திருப்பதில்லை. இதற்காகவே கொம்பு, எழுத்து, கால் மூன்றையும் தனித்தனி அட்டையாக வெட்டி வைத்திருக்கிறேன். கொம்பும் காலும் சிவப்பு, எழுத்து கறுப்பு. சிவப்பு இரண்டையும் கையால் தொட்ட பிறகே வாயைத் திறக்கலாம் என்பது எங்கள் ஒப்பந்தம். முதலில் 'கோ', பிறகு 'போ', பிறகு 'தோ' என்று அதே கொம்புக்கும் காலுக்கும் நடுவில் எழுத்தை மட்டும் மாற்றிக்கொண்டே போவோம்.

எல்லாப் பிழையும் டிஸ்லெக்சியா ஆகிவிடாது. இதை ஆசிரியர்களிடம் எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை. 'பள்ளி'யைப் 'பல்லி' என்றும், 'மழை'யை 'மளை' என்றும், 'மரம்' எழுதுகையில் றகரம் போட்டும் எழுதாத பிள்ளை எந்த வகுப்பில் இருக்கிறது? நம் பேச்சில் அந்த வேறுபாடு தேய்ந்துவிட்டது. பேசுகிறபடி பிள்ளை எழுதுகிறது. அதைப் பழக்கத்தில் திருத்திவிடலாம். 'பட்டம்' 'படம்' ஆவதும், புள்ளி விழுந்துபோவதும், சொல்லின் நடுவில் ஓர் எழுத்து காணாமல் போவதும், சொல்லிக்கொடுத்து மாதங்கள் போன பிறகும் தொடர்ந்தால் அங்கே நான் நின்று பார்ப்பேன். அதற்கு முன் கண், காது, பள்ளிக்கு வந்த நாட்கள், வீட்டு மொழி நான்கையும் விசாரித்தாக வேண்டும். வீட்டில் தெலுங்கோ உருதோ பேசும் பிள்ளையையும், பெற்றோர் வேலை தேடி வெளியூர் போகும்போது கூடவே போய்விடும் ஜவ்வாதுமலைப் பிள்ளையையும் அவசரப்பட்டு இந்தப் பட்டியலில் சேர்ப்பது பெரிய அநியாயம்.

என்னிடம் இருக்கும் நல்ல கருவி பொருளில்லாத சொற்கள். 'மிடோகு', 'தேபனி', 'லொசுமை' என்று நானே செய்துகொள்வேன். பாடத்தை மனப்பாடமாக ஒப்பிக்கும் பிள்ளை கடகடவென்று படிப்பதுபோல் தோன்றும், 'மிடோகு'வில் நின்றுவிடும். படத்தைப் பார்த்து ஊகிக்கவும் வழியில்லை. கூடவே வேகத்தையும் பார்ப்பேன். ஜெர்மன் போல எழுத்தும் ஒலியும் ஒத்துப்போகும் மொழிகளில், டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைகள் பெரும்பாலும் சரியாகவே படிக்கிறார்கள், மிக மெதுவாகப் படிக்கிறார்கள் என்று சால்ஸ்பர்க்கில் ஹைன்ஸ் விம்மர் காட்டினார். தமிழிலும் நான் அதைப் பார்க்கிறேன். ஒரு பத்தியைப் பிழையில்லாமல் படித்து முடிக்கும் பிள்ளைக்கு, முடிக்கும்போது முதல் வரி நினைவில் இருப்பதில்லை. தப்பு இல்லாததால் யாரும் கவலைப்படுவதும் இல்லை.

பெங்களூரில் சோனாலி நாக் கன்னடப் பிள்ளைகளிடம் ஆராய்ந்து 2007-ல் வெளியிட்டது எனக்குப் பெரிய தெளிவைத் தந்தது. உயிர்மெய் வரிசை உள்ள எழுத்துகளைக் கற்று முடிக்கத் தொடக்கப் பள்ளியின் பல ஆண்டுகள் ஆகின்றன. 'க'வை 'க்' என்றும் 'அ' என்றும் பிரித்துக் கேட்கும் திறன் மெதுவாகத்தான் வருகிறது. நமக்கு 247 எழுத்து. அரும்பு, மொட்டு, மலர் என்று 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளைப் பிரிக்கும்போது, ஒரு பிள்ளை அரும்பிலேயே ஏன் நிற்கிறது என்று கேட்க இந்த அறிவு வேண்டும்.

பேச்சு வராத பிள்ளைகளிடம் வருகிறேன். இந்த ஊரில் மௌனத்துக்கு மரியாதை அதிகம். ரமணர் விருபாட்ச குகையில் பேசாதிருந்ததை எல்லோரும் சொல்வார்கள். மூன்று வயதாகியும் பேசாத பிள்ளையை "சாமி பிள்ளை, நேரம் வந்தா பேசுவான்" என்று வீட்டுப் பெரியவர்கள் தேற்றுவதில் அன்பு இருக்கிறது. காலமும் போய்விடுகிறது. தீபத் திருவிழாத் தேரோட்டத்தன்று, வேண்டிப் பெற்ற பிள்ளையைக் கரும்புத் தொட்டிலில் இட்டு மாட வீதி சுற்றுவார்கள். அப்படிச் சுமந்த பிள்ளையோடு வந்த ஒரு தாய் கேட்டார்: "நேர்த்திக்கடன்ல ஏதாவது குறை வெச்சுட்டமா மிஸ்?" இல்லவே இல்லை. தாயின் பாசக் குறைவுதான் ஆட்டிசத்துக்குக் காரணம் என்று மேல்நாட்டு நிபுணர்களே ஒரு காலத்தில் சொன்னார்கள். ஆட்டிசம் உள்ள மகனைப் பெற்ற பெர்னார்டு ரிம்லண்ட் 1964-ல் எழுதிய நூல் அதைத் தகர்த்தது.

அந்தத் தாய்க்கு எழுத வராது. போனில் பேசிப் பதிவு செய்து அனுப்பச் சொன்னேன். "பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்பல. பிஸ்கட் கவர் பிரிச்சா அடுத்த ரூம்லேருந்து ஓடி வர்றான். குக்கர் விசிலுக்குக் காதைப் பொத்திக்கிறான். வேணும்னா என் கையைப் பிடிச்சு அலமாரிகிட்ட இழுத்துட்டுப் போறான், விரலால காட்டறதில்ல." இதைவிடச் சிறந்த குறிப்பை எந்த நிபுணரும் எழுதிவிட முடியாது. ஆட்டிசத்துக்கு நம் நாட்டில் பயன்படுத்தும் 'ஐசா' அளவுகோலின் 40 கேள்விகளுக்கு மருத்துவர் விடை தேடுவது இப்படிப்பட்ட பேச்சில்தான்.

2018-ல் வெளிவந்த பெரிய ஆய்வு ஒன்று, இந்தியாவில் ஐந்து இடங்களில் 2 முதல் 9 வயதுப் பிள்ளைகளைப் பரிசோதித்தது. 6 முதல் 9 வயதில் நரம்பு வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்கள் இடத்துக்கு இடம் 6.5 முதல் 18.5 சதவீதம். பல்வல், காங்ரா, டேங்கனால், வடகோவா, ஐதராபாத் ஆகியவை அந்த ஐந்து இடங்கள். தமிழ்நாட்டு ஊர் ஒன்றும் அதில் இல்லை. மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம் 'டாலி' என்ற டிஸ்லெக்சியா சோதனையை முதலில் உருவாக்கியது இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலத்துக்கு. சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக உழைக்கிறது. தமிழ்ப் பிள்ளை எங்கே தடுக்குகிறது என்பதற்கான சான்று நம் பள்ளி நோட்டுகளில் குவிந்து கிடக்கிறது. அதைத் தொகுக்க நம் பல்கலைக்கழகங்கள் இறங்கி வர வேண்டும்.

கடைசியாக, உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். 1995 சட்டத்தில் இடமில்லாதிருந்த கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் சேர்ந்துவிட்டன. பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவரும் கூடுதல் நேரமும் கேட்டுப் பெறலாம். அதற்கு மருத்துவச் சான்று வேண்டும். பத்தாம் வகுப்பின் கடைசி மாதங்களில் ஓடினால் சான்று கைக்கு வருவதற்குள் தேர்வு வந்துவிடும். ஒன்பதாம் வகுப்பிலேயே அந்தப் பிள்ளையை எங்களிடம் அனுப்பிவையுங்கள்.