மதிப்புரையின் மதிப்பு

ஒரு பொருளை வாங்குமுன் அதனைப் பயன்படுத்தியோரிடம் கேட்டறிவது நம் வழக்கம். உழவர் விதைநெல்லைப் பற்றி அண்டை வயலாரிடம் கேட்பார். வீடு கட்டுவோர் கொத்தனாரைப் பற்றி நால்வரிடம் விசாரிப்பர். கணினி மென்பொருள்களைப் பொறுத்தவரை இன்று மதிப்புரைகளே அப்பணியைச் செய்கின்றன. அவை எந்த அளவுக்கு உதவும் என்பதை ஆராய்ந்து பார்க்கும் தேவை எனக்கு அண்மையில் ஏற்பட்டது.

நான் வாழும் ரேணிகுண்டா, சென்னை, கூடூர், கடப்பை, திருப்பதி ஆகிய ஊர்களை நோக்கி இருப்புப்பாதைகள் பிரியும் சந்திப்பு. எங்கள் தெருவில் எண்பது வயதைக் கடந்த பாட்டி ஒருவர் இருக்கிறார். அவர் பாடும் தாலாட்டுகளில் தமிழும் தெலுங்கும் கலந்து வரும். அவற்றைத் தம் தாயிடம் கேட்டே கற்றார். எந்த ஏட்டிலும் அவை எழுதப்படவில்லை. அவருடைய பிள்ளைகளும் அவற்றை முழுமையாக அறியார். அப்பாடல்களை அவர் குரலிலேயே பதிவுசெய்து காக்க விரும்பினேன். அதற்குரிய மென்பொருளைத் தேடி மதிப்புரைகள் பலவற்றைப் படித்தேன்.

ஆடாசிட்டி, ரீப்பர், கியூபேஸ், லாஜிக் புரோ எனப் பல பெயர்கள் அவற்றில் வந்தன. ஒருவர் ஐந்து விண்மீன் வழங்கிய மென்பொருளுக்கு மற்றொருவர் இரண்டே வழங்கியிருந்தார். இருவரும் பொய் கூறவில்லை. முன்னவர் நடன இசை அமைப்பவர். பின்னவர் உரையாடல்களைத் தொகுப்பவர். மதிப்புரை என்பது, அதை எழுதியவர் தம் தேவைக்குக் கண்ட விடையாகும். நம் தேவை இன்னதெனத் தெளியாமல் படித்தால், பிறருடைய விடையை நம்முடையதாகக் கொண்டுவிடுவோம்.

'இம்மென்பொருளில் பதிவுசெய்தால் குரல் இனிக்கும்' என்னும் பாராட்டைப் பல இடங்களில் கண்டேன். அது எத்துணை உண்மை? குரல் காற்றில் அதிர்வாகப் பரவுகிறது. ஒலிவாங்கி அவ்வதிர்வை மின்னலையாக மாற்றுகிறது. அம்மின்னலை பிறகு எண்களாகிறது. குறுந்தகட்டின் தரத்தில் நொடிக்கு 44,100 முறை அளவெடுக்கப்படும். மனிதச் செவி நொடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரையே கேட்கும். அதன் இருமடங்குக்கு மேல் அளவெடுத்தால் அவ்வொலியை மீட்டுவிடலாம். இம்மாற்றத்தைச் செய்வது கணினியின் ஒலிச்சுற்று, அல்லது அதனோடு இணைக்கும் தனிக்கருவி. மென்பொருளோ அவ்வெண்களை வாங்கிச் சேமிக்கிறது. ஆகவே, ஒரே கருவியைக் கொண்டு, எந்த மாற்றமும் செய்யாமல் பதிவுசெய்தால், எந்த மென்பொருளிலும் குரல் ஒன்றே. இனிமை பற்றிய பாராட்டை ஒதுக்கிவைத்தேன்.

ஆயினும், சரிபார்க்கத்தக்க செய்திகளைத் தரும் மதிப்புரைகள் பெரிதும் உதவின. லாஜிக் புரோ ஆப்பிள் நிறுவனத்தின் கருவிகளில் மட்டுமே இயங்கும்; என்னிடம் இருப்பது வேறு கணினி. ஆடாசிட்டியை விலையின்றிப் பெறலாம். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1999ஆம் ஆண்டு தொடங்கிய முயற்சி அது. பாடும்போதே தம் குரலை ஹெட்போனில் கேட்போருக்குத் தாமதம் இடையூறாகும் என்பதையும் அறிந்தேன். 1,024 அளவுகளைச் சேர்த்து ஒருமுறை அனுப்பினால் ஏறத்தாழ 23 மில்லிநொடி கழிந்துவிடும். எட்டு மீட்டர் தொலைவிலிருந்து கேட்பதற்கு அது ஒப்பாகும். பாட்டியோ பக்கத்துணையின்றி, வெறும் குரலில் பாடுபவர். அச்செய்தி மெய்யானது, எனினும் எனக்குத் தேவையற்றது.

மதிப்புரை எழுதப்பட்ட ஆண்டையும் நோக்க வேண்டும். ஆடாசிட்டியில் ஒலி இயங்கும்போதே அதன் விளைவுகளை மாற்றிக் கேட்க இயலாது என்பது பழைய குறை. 2022இல் வெளிவந்த 3.2 பதிப்பு அவ்வசதியைத் தந்தது. முன்னர் எழுதியவர் குற்றமற்றவர். காலம் மாறியதை அறியாமல் படிப்பவரே ஏமாறுவர்.

சுருதியைத் தானே திருத்தும் வசதியைப் பலர் போற்றியிருந்தனர். 1997இல் வந்த ஆட்டோ டியூன் அவ்வகையில் புகழ்பெற்றது. ஆனால், தாலாட்டில் குரல் ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லும்; குழந்தை சிணுங்கினால் அடி நீளும்; உறங்கினால் குரல் தேயும். அவ்வசைவுகளைப் பிழையெனக் கொண்டு திருத்தினால் சுருதி நிற்கும்; பாட்டியின் குரலை இழப்போம். பிறர் குணமெனப் பாராட்டியது எனக்குக் குறையாகப் பட்டது.

எந்த மதிப்புரையும் கூறாத செய்தி ஒன்று உண்டு: எங்கள் ஊரில் இரயில் ஓசை ஓய்வதில்லை. எழுதியவருடைய அறை வேறு, என்னுடைய அறை வேறு. மின்விசிறியை நிறுத்துவதும், சன்னலுக்குப் போர்வை கட்டுவதும், ஒலிவாங்கியை வாயருகே ஒரு சாண் தொலைவில் வைப்பதும் மென்பொருளைவிட மிகுதியாகப் பயன்பட்டன. பாட்டியோ என்னினும் தேர்ந்தவர். “வண்டி போகட்டும் கண்ணு, பிறகு பாடுகிறேன்” என்று கைகாட்டி நிறுத்துவார். எந்த வண்டி எப்பொழுது வரும் என்பது அவருக்கு மனப்பாடம்.

இறுதியில் ஆடாசிட்டியையே தேர்ந்தேன். என் கணினியில் இயங்குதல், விலையின்மை, மூலப்பதிவை மாற்றமின்றிச் சேமித்தல் ஆகிய மூன்றே என் தேவைகள். அம்மூன்றையும் உறுதிசெய்ய ஒரு மாலைப்பொழுது போதுமானதாயிற்று. இதுவரை பதினொரு தாலாட்டுகள் பதிவாகியுள்ளன. இன்னும் எத்தனை உள்ளன என்பது பாட்டிக்கே தெரியாது. மென்பொருள்கள் ஆண்டுதோறும் புதிதாக வரும். அவற்றுக்கு மதிப்புரைகளும் வரும். பாட்டியின் குரல் அவ்வாறு காத்திராது.

பயிற்சி

1. ஒரே மென்பொருளுக்கு இருவர் வெவ்வேறு மதிப்பீடு வழங்கியது ஏன்?
2. தாலாட்டுக்குச் சுருதித் திருத்தம் பொருந்தாது என ஆசிரியர் கருதுவதன் காரணத்தை விளக்குக.
3. நீங்கள் அண்மையில் படித்த மதிப்புரை ஒன்றில், சரிபார்க்கத்தக்க செய்திகளையும் எழுதியவரின் விருப்பங்களையும் தனித்தனியே எழுதுக.