மச்சான் பூட்டிய சக்கரம்

அரபி மொழியில் 'மிஃப்தாஹ்' என்றால் திறவுகோல். நட்டுகளை முறுக்கிக் கழற்றும் ஸ்பேனரையும் அம்மொழியார் அதே சொல்லால்தான் குறிக்கின்றனர். நம் வழக்கிலோ 'சாவி' போர்த்துக்கீசியர் விட்டுச் சென்ற சொல், 'ஸ்பேனர்' ஆங்கிலேயர் விட்டுச் சென்ற சொல். ஆதலால் இரண்டும் ஒரே வேலையைச் செய்பவை என்னும் எண்ணம் நமக்கு எளிதில் எழுவதில்லை. லாரிச் சக்கரத்தின் பூட்டு நட்டு ஒன்றை அருகிலிருந்து பார்க்க நேர்ந்தபோதுதான் அரபிச் சொல்லின் பொருத்தம் நமக்கு விளங்கிற்று.

சக்கரத்தை அச்சோடு பிணைக்கும் நட்டுகள் அறுகோண வடிவின. சந்தையில் கிடைக்கும் எந்த ஸ்பேனரும் அவற்றைக் கழற்றிவிடும். திருடன் கையிலுள்ள ஸ்பேனரும் அப்படியே. அதைத் தடுக்கவே சக்கரத்துக்கு ஒன்றாகப் பூட்டு நட்டைப் பூட்டுகிறார்கள். அதன் தலை உருண்டையாக வழுக்கும். நடுவில் நெளிநெளியான பள்ளம் ஒன்று வெட்டப்பட்டிருக்கும். அந்நெளிவுக்கு இசைந்த சிறு சாவியைப் பொருத்தி, சாவியின் மேல் ஸ்பேனரை மாட்டித் திருப்பினால்தான் அது அசையும்.

நம் தங்கை காயல்பட்டினத்தில் வாழ்க்கைப்பட்டவள். மச்சான் ஆறுமுகநேரி உப்பளங்களிலிருந்து உப்பு ஏற்றிச் செல்லும் பழைய சிறு லாரி ஒன்றை வைத்திருந்தார். சந்தையில் வண்டியை நிறுத்தி உறங்கிய ஓர் இரவில் சக்கரம் ஒன்று களவு போயிற்று. மறுவாரமே நான்கு சக்கரங்களுக்கும் பூட்டு நட்டு வாங்கிப் பூட்டினார். சாவியைத் தாமே வைத்துக்கொண்டார். இடத்தை எவருக்கும் சொல்லவில்லை. திடீரென்று ஒரு வைகறையில் அவர் வஃபாத்தானார்.

மூன்று மாதம் வண்டி உப்பங்காற்றில் நின்றது. எஃப்.சி. புதுப்பிக்கும் நாள் நெருங்கிற்று. சக்கரங்களைக் கழற்றிப் பிரேக்கைச் சரிபார்க்காமல் வண்டியைக் கொண்டுபோக இயலாது. ஓட்டுவதற்கு மருமகன் இருந்தான். வீட்டில் வேறு வருமானம் இல்லை. தங்கை இத்தாவில் இருந்தாள். நான்கு மாதமும் பத்து நாளும் நிறைவுறும்வரை அவள் வெளியே வர வழியில்லை. வீட்டுக்குள் தேடும் பொறுப்பை அவளே ஏற்றுக்கொண்டாள். சட்டைப் பைகள், இரும்புப் பெட்டி, அரிசிப் பானை, தொழுகை விரிப்பின் மடிப்பு என எதுவும் மிச்சமில்லை. சில தயாரிப்பாளர்கள் சாவியோடு குறியெண் அட்டை தருவதுண்டு. அது இருந்தால் வேறு சாவி வரவழைக்கலாம். அதுவும் அகப்படவில்லை.

1206-இல் நூலை முடித்த அல்ஜஸரீ என்னும் பொறியறிஞர், நான்கு வட்டங்களைச் சுழற்றிக் குறிகளைச் சேர்த்தால் திறக்கும் பெட்டிப் பூட்டு ஒன்றை விவரித்திருக்கிறார். அதற்குச் சாவியே வேண்டாம், குறி நினைவிலிருந்தால் போதும். மச்சானின் பூட்டுக்குச் சாவி உண்டெனினும், அதன் இருப்பிடம் அவர் நினைவிலேயே தங்கிவிட்டது.

உடைத்துவிடலாம் என்று நாம் கதவுக்கு வெளியே நின்று சொன்னபோது உள்ளிருந்து நெடுநேரம் ஒலியில்லை. பிறகு, "அவங்க கையாலே பூட்டினது, காக்கா" என்றாள். அதற்கு மறுமொழி நம்மிடம் இல்லை. எஃப்.சி. நாளை மட்டும் நினைவூட்டினோம். "மகன் சொல்றபடி செய்யுங்க" என்று அவள் முடித்துக்கொண்டாள்.

ஆறுமுகநேரியிலிருந்து வந்த மெக்கானிக் அறுபதைத் தாண்டியவர். வந்ததும் ஸ்பேனரைத் தொடவில்லை. நட்டுகளைச் சுற்றிலும் துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெயை ஊற்றிவிட்டு, "நாளை மறுநாள் பார்ப்போம், ஆலிம்சா" என்று போய்விட்டார். உப்பு இரும்பை அரிக்கும் விரைவை நாம் அறிவோம். அந்தத் துரு மரையின் இடுக்குகளை நிரப்பி, நட்டையும் போல்ட்டையும் ஒட்டவைத்துவிடுகிறது.

இதற்கிடையில் ஆலோசனைகளுக்குக் குறைவில்லை. மற்ற நட்டுகளைத் தளர்த்திவிட்டு வண்டியை வளைத்து ஓட்டினால் பூட்டு நட்டு தானே முறியும் என்றார் ஒருவர். சக்கரம் கழன்றால் முறிவது நட்டு மட்டுமல்ல என்று மெக்கானிக் அதைத் தள்ளிவிட்டார். பூட்டு நட்டின் தலையில் வேறு நட்டை வெல்டிங் செய்து திருப்பலாம் என்றான் மருமகன். அது பலர் கையாளும் வழிதான். ஆயினும் டயர் மாட்டியிருக்கும் ரிம்மில் அத்தகைய சூடு ஏறினால் உள்ளே ரப்பர் வெந்து வாயுவாகி வெடிக்கக் கூடும். காற்றை இறக்கிவிட்டால் போதும் என்று நம்பியவர்களும் உயிரிழந்ததுண்டு என்று பெரியவர் சொன்னார். இளக்கும் எண்ணெயோ எளிதில் தீப்பற்றுவது. வெல்டிங் பேச்சு அத்துடன் நின்றது.

மூன்றாம் நாள் அவர் செய்த முதல் வேலை நமக்கு வியப்பளித்தது. பூட்டு நட்டை விட்டுவிட்டு, அதன் இருபுறமும் உள்ள நட்டுகளை மேலும் இறுக்கினார். ரிம்மை அழுத்தும் சுமையில் ஒரு பங்கை அவை ஏற்றுக்கொண்டால், நடுவிலிருப்பது சற்று இளகும் என்று விளக்கினார். பின்னர், பூட்டு நட்டின் தலையைவிட மயிரிழை சிறிய, பன்னிரு முனை கொண்ட பழைய பாக்ஸ் ஸ்பேனரை அதன்மேல் வைத்துச் சுத்தியலால் அறைந்து ஏற்றினார். ஜாக்கி போடவில்லை, சக்கரம் தரையில் ஊன்றி நின்றது. கைப்பிடியில் நீண்ட குழாயைச் செருகி, கழற்றும் திசையில் அல்லாமல் இறுக்கும் திசையில் ஓர் இம்மி தள்ளினார். துருவின் பிடி உடைய அதுவே வழி என்றார். அதன் பிறகே எதிர்த்திசை. 'டக்' என்று ஓர் ஓசை. நாம் நட்டு முறிந்தது என்றே எண்ணினோம். அவர் முகம் மலர்ந்தது.

மூன்று நட்டுகள் இவ்வண்ணம் வந்தன. நான்காவது, இடப்புறப் பின்சக்கரத்தினது, ஸ்பேனரை இருமுறை வழுக்கிவிட்டது. அதன் விளிம்பில் உளியைச் சாய்வாக வைத்து, கழலும் திசையில் தட்டித் தட்டி நகர்த்தினார். கெட்டியாக்கிய எஃகு, உளிமுனை மழுங்கி மழுங்கி மூன்று முறை தீட்டப்பட்டது. அஸருக்குச் சற்று முன் அது இரண்டாகப் பிளந்து விழுந்தது.

அந்தச் சக்கரத்தின் டிரம்மைக் கழற்றியபோது ஒருவரும் பேசவில்லை. பிரேக் லைனிங் தேய்ந்து ரிவிட்டுத் தலைகள் வெளிப்பட்டிருந்தன. டிரம்மின் உட்புறத்தில் அவை கீறிய வட்டங்கள் வெள்ளிக்கம்பிபோல் மின்னின. மருமகன் அந்தக் கீறல்களை விரலால் தடவிப் பார்த்துவிட்டுக் கையை வேட்டியில் துடைத்தான். உப்பு மூட்டைகளோடு அவன் அந்த வண்டியில் திருநெல்வேலிவரை சென்று வந்தவன்.

லைனிங் மாற்றி, உரசும் முகங்களின் துருவை நீக்கி, இம்முறை அறுகோண நட்டுகளையே பூட்டினார்கள். 50 கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை, 100 ஓடியதும் ஒருமுறை நிறுத்தி இறுக்கம் பார்க்க வேண்டும் என்று பெரியவர் இருமுறை சொன்னார். வண்டியை இரவில் எங்கே நிறுத்துவது என்பதுதான் இப்போது மருமகனின் கவலை.

கழற்றிய நட்டுகளைத் துணியில் சுற்றிக் கதவிடுக்கில் தங்கையிடம் கொடுத்தோம். அவிழ்த்து எண்ணினாள் போலும். "மூணுதானே இருக்கு?" என்றாள். பிளந்த துண்டுகளைப் பட்டறைத் தரையில் தேடி எடுத்துவரும்படி மருமகனை அனுப்பினோம்.